காணிக்கைக் கவரில் எழுதிய காரணம்

1

எங்கள் பள்ளியில் கேக் வெட்டினால் அதன்மேல் பெயர் எழுதுவதில்லை. எண் மட்டும் இருக்கும். முப்பது, தொண்ணூறு, நூற்றெண்பது. இரண்டு மாதங்களுக்கு முன் வெட்டிய கேக்கில் 365 என்று நீல நிறத்தில் எழுதியிருந்தது. பேக்கரிக்குப் போய் வாங்கி வந்தவன் நான். கடைக்காரப் பெண் அது யாருடைய வயது என்று கேட்டாள். ஆமை வளர்க்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு அந்தப் பள்ளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் வடகிழக்கில், வருடத்தில் ஐந்து மாதம் பனி கிடக்கும் சிறு நகரம் ஒன்றில், பழைய தபால் நிலையக் கட்டடத்தில் அது நடக்கிறது. போதைப் பழக்கத்திலிருந்து மீண்டுவரும் பதினான்கு முதல் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கான உயர்நிலைப் பள்ளி. முப்பத்தொரு பேர் படிக்கிறார்கள். கணக்கு, வேதியியல், வரலாறு எல்லாம் மற்ற பள்ளிகளைப் போலத்தான். காலை முதல் மணி மட்டும் வேறு. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து இன்று தங்களுக்கு எத்தனையாவது நாள் என்று சொல்வார்கள். நேற்று அறுபத்து நான்கு என்று சொன்ன பிள்ளை இன்று ஒன்று என்று சொல்லும். யாரும் உச்சுக் கொட்டுவதில்லை. அந்தப் பிள்ளை அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே வேதியியலைப் படிக்கும்.

எனக்கு முன்னறையில் மேசை. வருகைப் பதிவு என் பொறுப்பு. எட்டு நாற்பதுக்கு ஒரு நாற்காலி காலியாக இருந்தால் எட்டு ஐம்பதுக்குள் அந்த வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும். இழுப்பறையில் ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில், போதை அளவு மீறி மூச்சு நின்றுபோகிறவருக்கு மூக்கில் அடிக்கும் மருந்து இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று இரண்டு மணி நேரம் பயிற்சி கொடுத்தார்கள்.

வேலையில் சேர்ந்த அன்று ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். யாராவது போனில் கேட்டால், அந்தப் பெயரில் ஒரு மாணவர் இங்கே படிக்கிறார் என்றும் சொல்லக் கூடாது, படிக்கவில்லை என்றும் சொல்லக் கூடாது. நாகர்கோவிலில் ஒரு நாளிதழில் பதினோரு வருடம் துணையாசிரியனாக இருந்தவன் நான். பெயர், வயது, தகப்பன் பெயர், ஊர் ஆகிய நான்கும் இல்லாத செய்தியைத் திருப்பி அனுப்பியே பழகியவன். நர்ஸான என் மனைவி பிரீதாவுக்கு இங்கே வேலை கிடைத்தது. அவளுடைய விசாவில் நானும் வந்தேன். வந்தபின், விவரங்களைச் சொல்லாமலிருப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

அன்று கேக் வெட்டிய பெண் நாலைந்து வாக்கியம் பேசினாள். அவளுடைய அம்மா எழுந்து நின்று, ஒரு வருடத்துக்கு முன் மகளுடைய அறைக் கதவைத் தட்டப் பயந்துகொண்டு வெளியே நின்ற ஒரு காலையைப் பற்றிச் சொன்னார். எல்லோரும் கைதட்டினோம்.

மறுநாள் இதை, தமிழக எல்லையை ஒட்டிக் கேரளப் பக்கம் பாறசாலையில் இருக்கும் தங்கை ஷீலாவிடம் போனில் சொன்னேன். பெண்ணின் பெயரையோ ஊரையோ சொல்லவில்லை. காகிதத்தில் இருந்த எதையும் நான் மீறவில்லை.

2

ஷீலாவுக்கு ஒரே மகன், ஜெபின். நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு பள்ளியில் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். கெட்டிக்காரன் என்றும் சொல்ல முடியாது, மோசம் என்றும் சொல்ல முடியாது. ஊர்த் தேவாலயத்தில், எங்கள் சபையில், கீபோர்டு அடிப்பான். பள்ளியில் மலையாளம், வீட்டில் தமிழ், என் மகள் அனீட்டாவோடு போனில் ஆங்கிலம். அனீட்டாவுக்கு இங்கே பதினைந்து வயதாகிறது. என்னோடு பேசுவதைவிட அவனோடு அதிகம் பேசுகிறாள்.

அவனுடைய அப்பா ராஜன் வயரிங் வேலை எடுத்துச் செய்கிறவர். ஒருநாள் மகனுடைய அறையில் ஒரு சுவிட்ச் போர்டைப் பார்த்தார். நான்கு திருகாணிகளில் ஒன்றில் மட்டும் பெயின்ட் உரிந்திருந்தது. வேறு எந்தத் தகப்பனுக்கும் அது கண்ணில் பட்டிருக்காது. கழற்றினார். உள்ளே வயர்களுக்கு நடுவில் மாத்திரை அட்டைகளும் ஒரு சிறிய கஞ்சாப் பொட்டலமும் இருந்தன. “மச்சான், பியூஸை ஊரிட்டு வச்சிருக்கான். எர்த்து வயரை ஓரமாட்டு ஒதுக்கி வச்சிருக்கான். எனக்க தொழில எனக்க வீட்டுலயே படிச்சிருக்கான் பாத்தியளா” என்று என்னிடம் போனில் சொன்னார். அழுதுகொண்டுதான் சொன்னார்.

திருவனந்தபுரத்துக்கு அப்பால் ஒரு மையத்தில் இருபத்தெட்டு நாள் வைத்திருந்தார்கள். பள்ளிக்கு மஞ்சள்காமாலை என்று ராஜன் விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அக்கம்பக்கத்தில் சொன்னதும் அதுதான். ஜெபின் திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் கீழாநெல்லிக் கட்டுகள் வந்து குவிந்தன. பக்கத்து வீட்டு லில்லி அக்கா தினமும் காலையில் வீட்டை ஒட்டிய தன் விளையிலிருந்து பறித்துக்கொண்டு வந்து, அரைத்து மோரில் கலக்கிக் குடிக்கிறானா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் போவாராம். இரண்டு வாரம் குடித்தான். “போதையக் காட்டிலும் இதாக்கும் கொடுமை மாமா” என்றான் என்னிடம். அவன் சிரித்துக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

பள்ளிக்குத் திரும்பப் போனான். வகுப்பாசிரியை ஒருவருக்கு மட்டும் உண்மை தெரியும். அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவன் நாள்களை எண்ண ஆரம்பித்தது என் யோசனை. எங்கள் பள்ளியில் பார்த்ததைச் சொன்னேன், பிடித்துக்கொண்டான். தினமும் காலையில் பஸ்ஸிலிருந்து எனக்கு ஓர் எண் அனுப்புவான். வேறு ஒரு சொல்லும் இருக்காது. எனக்கு அது முந்தின இரவின் எட்டரை, ஒன்பது மணி. எண் வந்தால் அவன் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம்.

கேக் விஷயத்தை நான் ஷீலாவிடம் சொன்னபோது அவனுக்கு எண்பத்தாறாவது நாள்.

“தொண்ணூறுக்கும் அங்க செய்வாவளா அண்ணா?” என்று கேட்டாள்.

“செய்வாவ. கேக் உண்டு. ஒரு சின்ன மெடல் குடுப்பாவ.”

“எல்லாருக்க முன்னாலயுமா?”

“ஓ. அம்மைக்காரி எழும்பி நின்னு பேசுவா.”

“வெக்கமா இருக்காதா?”

“எதுக்கு வெக்கம் பிள்ளே? சந்தோசமான காரியந்தானே.”

நான் சொன்னது இவ்வளவுதான். அந்த அறையில் இருக்கும் பிள்ளைகள் எல்லோருமே அதே பழக்கத்திலிருந்து வந்தவர்கள், அறைக்கதவு உள்ளே தாழிட்டிருக்கும், அங்கே பேசியது எதுவும் வாசலைத் தாண்டாது என்பதையெல்லாம் சொல்லவில்லை. எனக்கு அது தினமும் பார்க்கிற சங்கதி. அவளுக்கும் தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். பத்திரிகையில் இருந்தபோது இப்படி எழுதிக் கொடுத்த நிருபர்களை நான் திட்டியிருக்கிறேன்.

3

எங்கள் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை என்று ஒன்று உண்டு. வாழ்க்கையில் ஏதாவது நல்லது நடந்தால், ஒரு கவரில் காணிக்கையை வைத்து, மேலே பெயரையும் காரணத்தையும் எழுதி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குமுன் கொடுத்துவிட வேண்டும். சபைச் செயலர் ஒவ்வொரு கவராக எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி வாசிப்பார். தொகையை வாசிப்பதில்லை. காரணத்தை வாசிப்பார். ஐயர் அவற்றுக்காக ஜெபிப்பார். எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்.

சின்ன வயதில் பிரசங்கம் முழுவதும் தூங்கிவிட்டு இதற்கு மட்டும் விழித்துக்கொள்வேன். காணாமல்போன எருமை இரண்டாம் நாள் ஒற்றசேகரமங்கலத்தில் கிடைத்ததற்காக. சிறுநீரகக் கல் தானாக வெளியேறியதற்காக. மூன்றாவது மகளுக்கும் பெண் பார்க்க வந்ததற்காக. மாமியார் சமாதானத்தோடு மகள் வீட்டுக்குப் போனதற்காக. கடைசியாகச் சொன்னதற்குச் சபையே சிரித்தது. எழுதிக் கொடுத்தவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மெய்யாகவே நன்றி செலுத்திக்கொண்டிருந்தார்.

யார், என்ன, எங்கே, எப்போது என்று ஒரே வரியில் சொல்ல நான் கற்றது அந்தக் கவர்களிலிருந்துதான். பின்னால் நாளிதழில் பயிற்சியின்போது ஆசிரியர் சொன்னதில் எனக்குப் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை.

எங்களுக்கு அமெரிக்க விசா கிடைத்தபோது அம்மாவும் ஒரு கவர் கொடுத்தாள். “மருமகளுக்கு அமெரிக்காவில் நர்ஸ் வேலை கிடைத்ததற்காகவும், மகனுக்கு அங்கே இனிமேல் கிடைக்கப்போவதற்காகவும்.” வாசித்து முடித்ததும் பின் பெஞ்சிலிருந்து ஒருவர், “அதுவரைக்கும் சோறு பொங்கட்டும்” என்றார். தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. இங்கே வந்த முதல் பதினான்கு மாதங்கள் நான் சோறுதான் பொங்கினேன்.

சபையாருக்கு இது வம்பு இல்லை. வாசிக்காத நன்மை அவர்கள் கணக்கில் பாதி நன்மை. ஒருவருக்கு நல்லது நடந்து அவர் கவர் கொடுக்கவில்லை என்றால் மூடி வைத்துக்கொண்டார் என்பார்கள். எனக்கு இவ்வளவும் தெரியும். தெரிந்திருந்தும் ஷீலாவிடம், எல்லோர் முன்னாலும் சொல்வார்கள், சந்தோஷமான காரியம் என்று சொன்னேன்.

4

அங்கே ஞாயிறு காலை ஆராதனை நடக்கும்போது எங்களுக்குச் சனி இரவு. எனக்கு ஒன்றும் தெரியாது. ஞாயிறு காலை தோசை சாப்பிட உட்கார்ந்தபோது அனீட்டா போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“அப்பா, ஜெபினைச் சர்ச்ல படிச்சிட்டாங்களாம்.”

எனக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. அவள் போனை என் பக்கம் திருப்பவில்லை.

“அத்தைகிட்ட அந்தக் கேக் பத்தி நீங்கதானே சொன்னீங்க?”

“சொன்னேன்.”

“அந்த ரூம்ல யாரெல்லாம் இருப்பாங்கன்னு சொன்னீங்களா?”

 அவள் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

ஷீலாவைக் கூப்பிட்டேன். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

“அண்ணா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். தொண்ணூறுக்கு ஸ்தோத்திரக் காணிக்கை வச்சேன் கேட்டியா. எல்லாரும் வந்து கையப் பிடிச்சாவ. லில்லி அக்கா அழுதே போட்டா.”

“கவர்ல என்னண்ணு எழுதின?”

வாசித்துக் காட்டுவதுபோல் சொன்னாள். “என் மகன் ஜெபின் போதைப் பழக்கத்தை விட்டு இன்றோடு தொண்ணூறு நாள் ஆனதற்காக.”

பெயர் இருக்கிறது, நிகழ்ந்தது இருக்கிறது, காலம் இருக்கிறது. அந்த வரியில் கைவைக்க எனக்கு ஒன்றுமில்லை.

செயலர் வேறு கவர்களை வேகமாக வாசித்துவிட்டு இதில் சற்று நின்றாராம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மெதுவாக, ஒரு சொல்கூட விடாமல் வாசித்தாராம். ஜெபின் அப்போது முன்னால், பாடகர் குழுவோடு, கீபோர்டின் முன் உட்கார்ந்திருந்தான். எழுந்து போக வழியில்லை. அடுத்ததாகக் காணிக்கைப் பாட்டுக்கு அவன் அடிக்க வேண்டும்.

“அடிச்சானா?”

“ஒரு தப்பு இல்லாம அடிச்சான் அண்ணா. முடிஞ்சு வெளிய வரும்ப லில்லி அக்கா அவனுக்க காதப் பிடிச்சா. எலே கள்ளப் பயலே, எனக்க விளையில உள்ள கீழாநெல்லிய முழுசும் பறிச்சு அரச்சுத் தந்தேனே, அது எந்தக் காமாலைக்காக்கும்னா. எல்லாரும் சிரிச்சாவ. அவனும் சிரிச்சான்.”

“அவன்ட்ட முன்னக்கூட்டிக் கேட்டியா?”

“என்னத்த?”

“கவர் குடுக்கட்டான்னு.”

“தெய்வத்துக்கு நன்றி சொல்லியதுக்குப் பிள்ளைட்ட அனுவாதம் கேக்கணுமா? நீதானே சொன்ன வெக்கப்பட ஒண்ணும் இல்லேன்னு.”

பிறகு அவனிடம் பேசினேன். “பரவாயில்ல மாமா” என்றான். “அம்மெய ஏசாதீங்க. அம்மெ நெறய நாளைக்கப்புறம் பட்டுச் சேல உடுத்திட்டுப் போனா” என்றான்.

அன்று இரவு வழக்கமான நேரத்துக்கு எண் வந்தது. தொண்ணூற்று ஒன்று.

5

அந்தச் சபையில் அவனுடைய பள்ளியின் ஆசிரியர் இருவரும் பெற்றோர் சிலரும் உண்டு. செவ்வாய்க்கிழமை ராஜனைப் பள்ளிக்கு வரச் சொன்னார்கள். மூன்று பெற்றோர்கள் மனு கொடுத்திருந்தார்கள். மஞ்சள்காமாலை என்று எழுதிய விடுப்புக் கடிதம் மேசைமேல் இருந்தது. யாரும் குரலை உயர்த்தவில்லை. டீ வரவழைத்தார்கள். போன கிறிஸ்துமஸுக்குப் பள்ளியில் அவன் கீபோர்டு அடித்ததைக்கூடப் பாராட்டினார்கள். அதற்கப்புறம், வேறு பள்ளியில் புதிதாகத் தொடங்கினால் பிள்ளைக்கும் நல்லது என்றார்கள். டி.சி. கேட்டு ராஜன் ஒரு விண்ணப்பம் எழுதினார்.

“ஏன் எழுதிக் குடுத்திய?” என்று கேட்டேன்.

“மச்சான், அவிய சண்ட போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன். அவிய மரியாதயாட்டு கேட்டாவ. டீயும் தந்தாவ. டீயக் குடிச்சுப்போட்டு மாட்டேன்னு எப்பிடிச் சொல்லியது?”

நான் தலைமையாசிரியையைப் போனில் கூப்பிட்டேன். நான்கு நாள் முயன்றபின் கிடைத்தார். மலையாளத்தில் பேசினார். என் மலையாளம் இப்போது துருப்பிடித்திருக்கிறது. பாதியில் ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறேன். அங்கே அது அதிகாரமாகக் கேட்கும் என்று தெரிந்தும் போய்விடுகிறேன். பழகிய பழக்கத்தில், இங்கே எங்கள் பள்ளியில் எப்படிச் செய்கிறோம் என்று சொல்லத் தொடங்கினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“சாறே, உங்கள் பள்ளியில் எத்தனை பிள்ளைகள்?” என்று கேட்டார்.

“முப்பத்தொன்று.”

“என் பள்ளியில் ஒரு வகுப்பில் அறுபது. கவுன்சலர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். அவருக்கு இன்னும் இரண்டு பள்ளி உண்டு. இதே பழக்கத்தில் இந்தப் பள்ளியில் இன்னும் சில பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் பெயரை யாரும் மைக்கில் வாசிக்கவில்லை. அதனால் அவர்களை நான் வைத்துக்கொள்ள முடிகிறது. உங்கள் பிள்ளையை என்ன செய்வேன், சொல்லுங்கள்.”

 அவர் மோசமானவர் என்று எழுதினால் இந்தக் குறிப்பு எளிதாக முடிந்திருக்கும். அவர் அப்படி இல்லை.

டி.சி.யின் படத்தை ராஜன் அனுப்பினார். விலகும் காரணம்: பெற்றோரின் விண்ணப்பப்படி. நடத்தை: நல்லது. பழைய பழக்கத்தில் இருமுறை வாசித்தேன். அதில் பொய் என்று ஒரு சொல்கூட இல்லை.

அதன்பின் அந்த ஒற்றைத் தாளோடு ராஜன் அலைந்தார். பாலராமபுரத்தில் ஒரு பள்ளியில் இடமில்லை என்றார்கள். திருப்புறத்தில் ஒன்றில் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள், சொல்லவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் போனால் யாருக்கும் தெரியாது என்று நான்தான் யோசனை சொன்னேன். வீட்டிலிருந்து களியக்காவிளை நடந்துபோகும் தூரம். ஆனால் வேறு மாநிலத்து டி.சி. என்றால் கல்வி அதிகாரியின் மேலொப்பம் வேண்டும். முதல் நாள் அதிகாரி கூட்டத்துக்குப் போயிருந்தார். இரண்டாம் நாள் அதிகாரி இருந்தார், முத்திரையை வைத்திருக்கும் எழுத்தர் விடுப்பில் போயிருந்தார். மூன்றாம் நாள் இருவரும் இருந்தார்கள். ஒப்பமிட்ட தாளோடு எல்லை தாண்டிப் போய் ஒரு பள்ளித் தாளாளரின் முன் உட்கார்ந்தார் ராஜன். தாளாளர் தாளைப் பார்த்துவிட்டு, ப்ளஸ் டூவில் நடுவருடம் மாநிலம் மாற முடியாது, அடுத்த ஜூனில் ப்ளஸ் ஒன்னிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். அதுவாவது கிடைக்குமே என்று ராஜன் தலையசைத்தார். வெளியே வரும்போது தாளாளர் அன்பாகக் கேட்டாராம், “நீங்க அந்தத் தொண்ணூறு நாள் வீடுல்லா?” என்று.

சபையாருக்கு எல்லையின் இரண்டு பக்கமும் பெண் கொடுத்து, பெண் எடுத்த வீடுகள் உண்டு. தாளுக்கு மூன்று நாள் ஆன தூரத்தைச் செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கடந்திருந்தது.

கடைசியில் ஓப்பன் ஸ்கூல் என்று முடிவானது. வீட்டிலிருந்து படித்துப் பரீட்சை மட்டும் போய் எழுத வேண்டும். புத்தகங்கள் வந்தன. ஷீலா அட்டை போட்டு அடுக்கி வைத்தாள். நான் சொன்னேன், இந்தப் பிள்ளைகளுக்குப் பாடத்தைவிட முக்கியம் காலையில் குளித்து உடுத்திப் போக ஓர் இடம், அவனை நாள் முழுக்க வீட்டில் வைக்காதே என்று. “அப்பம் எங்க அனுப்பட்டும் அண்ணா? நீ ஒரு இடம் சொல்லு, நான் அனுப்புதேன்” என்றாள். உண்மையாகவே கேட்டாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு என் முன்னாலிருந்த வருகைப் பதிவேட்டின் முப்பத்தொரு பெயர்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவனிடமிருந்து எண் வருவது, டி.சி. கைக்கு வந்த அன்றே, நூற்றுப் பன்னிரண்டோடு நின்றிருந்தது. கேட்டதற்கு, “பஸ் இல்லியே மாமா” என்றான். பஸ்ஸில் இருக்கும்போதுதான் அனுப்பத் தோன்றும் என்றான். விடவில்லையே, தொடவில்லையே என்று கேட்டேன். “இல்ல மாமா” என்றான். நம்பினேன். இப்போதும் அன்றைக்கு அவன் சொன்னது உண்மை என்றுதான் நினைக்கிறேன்.

6

பள்ளி போனதும் சபை வந்தது. யாரையும் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைக்குப் படிப்பு நின்றுபோனதே என்று எல்லோருக்கும் வருத்தம். வீட்டுக்கு வீடு முறைவைத்து, வாரத்தில் நான்கு நாள் மாலை ஆறரைக்கு வந்து அவனுக்காக ஜெபித்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளை அவர்களே கொண்டுவந்தார்கள். கட்டன் சாயாவும் நேந்திரங்காய் சிப்ஸும் அவர்களே கொண்டுவந்தார்கள். வருகிற ஒவ்வொருவரும் அவன் தலையில் கைவைத்து, “இப்பம் எப்படி இருக்கு மக்கா? நெனப்பு வருதா?” என்று கேட்டார்கள். நினைப்பு வராத நாளிலும் அந்தக் கேள்வி ஆறரைக்கு வந்தது.

“நாலு பேரு கேக்கும்ப நாலு தடவ நெனக்கணும் மாமா” என்றான் என்னிடம். அதை ஷீலாவிடம் சொன்னேன். “அன்பாட்டு வாறாவ. வராதீங்கன்னு எந்த வாயால சொல்லுவேன்?” என்றாள்.

அவனுடைய பழைய கூட்டாளிகள் இரண்டு பேர் அந்த நேரத்தில் பைக்கில் அந்த வழியாக வருவதாக அனீட்டா சொன்னாள். ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஊரில் இப்போது அவர்கள் மட்டுந்தான் என்று ஜெபின் அவளுக்கு எழுதியிருந்தானாம். நான் ராஜனிடம் சொன்னேன். அவர் கேட்டைப் பூட்டினார். ஜெபத்துக்கு ஆள் வரவேண்டும் என்று ஷீலா திறந்து வைத்தாள்.

அங்கே மாலை ஆறரை என்றால் இங்கே காலை எட்டு. பள்ளிக்கு முன்னால் வண்டி நிறுத்துமிடத்தில், காரில் உட்கார்ந்தபடி வீடியோவில் நானும் ஜெபத்தில் சேர்ந்துகொள்வது வழக்கமானது. எனக்கு ஜெபம் பழக்கம் விட்டுப்போயிருந்தது. அவனைப் பார்க்கலாம் என்று சேர்ந்தேன். டிவி மேசைமேல் வேதாகமத்தில் சாய்த்து ராஜனின் போனை வைப்பார்கள், மற்றவர்கள் தங்கள் போனை அணைத்துவிடுவார்கள். முதல் நாள் பனி தள்ளும் வண்டி ஒன்று என் பக்கத்தில் ஹாரன் அடித்து ஜெபம் கலைந்துவிட்டது. அதிலிருந்து தொடங்கியதும் ராஜன் போனின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிடுவார். அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கும். நான் பேசுவது அங்கே கேட்காது.

நேற்று பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். ஜெபின் கதவோரம் நாற்காலியில் இருந்தான். முடி வெட்டியிருந்தான். ஒரு பாட்டுப் பாடினார்கள். அவனும் உதட்டை அசைத்தான். ஜெபிப்போம் என்று ஒரு பெரியவர் எழுந்தார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். இந்தப் பிள்ளைக்குக் கொடுத்த விடுதலைக்காக நன்றி சொல்கிறோம் என்று அவர் தொடங்கினார்.

ஜெபின் கண்ணை மூடவில்லை. போனைப் பார்த்தான். அந்த அறையில் கண் திறந்திருப்பது நாங்கள் இருவர் மட்டும் என்று அவனுக்குத் தெரியும். எழுந்தான். நாற்காலி உரசாமல் கையால் தூக்கிப் பின்னால் வைத்தான். என்னைப் பார்த்து உதட்டை அசைத்தான். வாறேன் மாமா என்று சொன்னான். ஊரில் வீட்டை விட்டு இறங்கும்போது எல்லோரும் அப்படிச் சொல்வதுதான். திரும்பி வெளியே போனான். கதவுக்கு அப்பால் ஒரு பைக்கின் ஹெட்லைட் வெளிச்சம் சுவரில் ஏறி இறங்கியது.

நான் கத்தினேன். ஷீலா, கண்ணத் தொற என்று கத்தினேன். ராஜன், ராஜன் என்று கூப்பிட்டேன். கார்க் கண்ணாடி ஆவி படிந்து வெளுத்துவிட்டது. அழைப்பைத் துண்டித்து மறுபடி கூப்பிட்டால் மணியடிக்கும், ஆனால் அதற்குள் அவன் எந்தப் பக்கம் திரும்பினான் என்பது தெரியாமல் போய்விடுமோ என்று பயந்தேன். திரையில் எனக்குத் தெரிந்தது கதவு மட்டுந்தான். அதைத் துண்டிக்கவும் மனம் வரவில்லை. அவள் கூப்பிட்டால் அவன் நிற்பான் என்று அனீட்டாவின் போனுக்கு அடித்தேன், வகுப்பில் இருந்தாள், எடுக்கவில்லை.

ஜெபம் இன்னும் ஒன்பது நிமிடம் நீண்டது. திரையின் மேல்மூலையில் நேரம் ஓடியது, அதனால் இதைச் சரியாகச் சொல்ல முடிகிறது. பெரியவர் நல்ல தமிழில், நல்ல குரலில், அவனுடைய படிப்புக்காகவும் வேலைக்காகவும் அவனுக்கு வரப்போகிற மனைவிக்காகவும் கேட்டார். ஷீலா இரண்டு கையையும் நெஞ்சில் சேர்த்து வைத்திருந்தாள். கன்னம் நனைந்திருந்தது. எல்லோரும் ஆமென் என்றார்கள். அவள் குரல்தான் உரக்கக் கேட்டது.

கண்ணைத் திறந்தவள் முதலில் போனைப் பார்த்தாள். நானும் ஜெபத்தில் இருந்தேன் என்ற சந்தோஷத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.